மூன்றாம் குளவி

ஜனவரி 8, திங்கள்

இன்று முதல் நோட்டு எழுத வேண்டுமாம். டீச்சரின் உத்தரவு. போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்தான். குளவிக் கூட்டத்தில் இருக்கும் நாலு பேரும் பறந்து முடித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"என்னத்தைங்க டீச்சர் எழுதறது? எத்தன விமானத்த விழுத்துனேன்னா?" என்று கேட்டேன்.

"அதயும் எழுதுங்க. தரையில என்ன நடந்துச்சுன்னும் எழுதுங்க. வீட்டுல கோவப்பட்டுட்டு மேல ஏறுகவன் சீக்கிரம் செத்துப்போவான், பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் வராது. வரவைத்தால்தான் வரும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பெயர் தனகோபால். வயது நாற்பத்தொன்று. கோவை கணபதியில் வீடு. பம்ப் கம்பெனியில் தரச் சோதனை சூப்பர்வைசர், மதிய ஷிப்ட். வான்சண்டை விளையாட்டில் நான் மூன்றாம் குளவி. முதல் குளவி டீச்சர். நாகர்கோவில் பக்கம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறார். இரண்டாவது சலாவுதீன் பாய். உக்கடத்தில் பேட்டரிக் கடை. நாலாவது கரூரில் பல் டாக்டர், சின்ன வயசு. பல்லு என்றுதான் கூப்பிடுகிறோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு அவரவர் வீட்டில் கன்சோலைப் போட்டு ஹெட்செட்டை மாட்டினால் எல்லோருக்கும் ஒரே ஆகாயம்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தரையிறங்கியதும் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் செய்த தப்பைத் தானே சொல்ல வேண்டும். மற்றவர்கள் "கேட்டாச்சு" என்பார்கள். அவ்வளவுதான். அடுத்தவன் தப்பை யாரும் எடுத்துச் சொல்லக் கூடாது. அவனே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. கம்பெனியிலும் வீட்டிலும் இதை யாரும் கடைப்பிடிப்பதில்லை.

இன்று விழுத்தியது மூன்று. மூன்றாமவன் விமானம் நடுவில் உடைந்து, பாராசூட்டில் குதித்தான். இறங்கிக்கொண்டிருந்தவனையும் சுட்டேன். பல்லு "ஐயோ அண்ணா, அதுக்குப் பாயிண்டு கூட கெடையாதுங்களே" என்றான். பாயிண்டுக்காகவா சுட்டேன்?

தப்பு: குண்டு வீணாக்கியது.

ஜனவரி 10, புதன்

இன்று விழுந்தது நான்.

ஒருவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். எங்கள் பாஷையில் ஆறு மணிப் பக்கம் என்போம், அதாவது நேர் முதுகுக்குப் பின்னால். அவனை உதற இடது பக்கம் வளைத்த நேரம் பார்த்து சமையலறையில் மிக்ஸி ஓடியது. பாய் "தம்பி, வலது! வலது!" என்று கத்தியது கேட்கவில்லை. ஏவுகணை இறக்கையில் ஏறி, திரை முழுக்க நெருப்பு.

பறக்கும் நேரத்தில் மிக்ஸி போடாதே என்று தமயந்தியிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். தமயந்தி என் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருஷம். இத்தனை வருஷத்தில் ஒரு சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லை.

ஜாய்ஸ்டிக் கையிலிருந்து பறந்துவிட்டது. அந்த நேரம் அவள் காப்பியோடு வாசலுக்கு வந்திருக்க வேண்டுமா? மணிக்கட்டில் பட்டது. டம்ளரும் போச்சு, ஜாய்ஸ்டிக்கின் கைப்பிடியும் விரிந்துபோச்சு. எழுந்த வேகத்தில் ஹெட்செட் ஒயரை வேறு மிதித்துவிட்டேன். மைக்கை அணைக்கும் சின்ன சுவிட்ச் அதில்தான் இருக்கிறது. உறை நசுங்கிவிட்டது.

நல்லவேளை, லைன் அதற்குள் அறுந்து போயிருந்தது. தப்பு சொல்லும் நேரத்தில் நான் இல்லை.

ஜனவரி 11, வியாழன்

ஹெட்செட்டை நானே சரி செய்தேன். உறையை ஒட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன். எங்கள் லைனில் பேச்சு எப்போதும் திறந்தேதான் இருக்கும். வீட்டு விஷயம் ஏதாவது வந்தால் அந்த சுவிட்சைத் தள்ளினால் போதும். சிவப்பு விளக்கு எரியும், மைக் அணையும். தள்ளிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. புதிது வாங்கத் தேவையில்லை.

ஜாய்ஸ்டிக் பிடிக்கு வேறு யோசனை இருக்கிறது. பிளாஸ்டிக் எல்லாம் பொம்மை. கம்பெனி லேத்தில் அலுமினியத்தில் ஒன்று கடைந்துகொள்ளலாம்.

தமயந்திக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. தைலம் வாங்கிக் கொடுத்தேன். இதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள்?

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். டீச்சர் லீவு கிடையாது என்றுவிட்டார், கிறிஸ்தவர், அவருக்குத்தான் பொங்கல் கிடையாதே. காலை ஆறு மணிக்கு மலைப் பள்ளத்தாக்கில் நாலுக்கு நாலு சண்டை. ரத்தம் சூடாக இருந்தது. முதல் நிமிடத்திலேயே ஒருவனைத் துப்பாக்கியாலேயே கிழித்தேன். அவன் வால் தனியாக, தலை தனியாக விழுந்தது.

அப்போது தமயந்தி வந்து தோளைத் தொட்டாள். "ஏனுங், பொங்கல் பொங்கப் போவுதுங். ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போயிருங்" என்றாள். பறக்கும்போது தொடக் கூடாது. தொட்டால் கை ஆடும். ஆடியது. ஏவுகணை என்னைத் தாண்டிப் போய் பாயைத் தாக்கியது.

சுவிட்சைத் தள்ளினேன். சிவப்பு எரிந்தது. ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஹெட்செட்டின் ஒயர் நீளமானது, போன மாதம்தான் மாற்றினேன், சமையலறை வரை எட்டும். பொங்கல் பொங்கியதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பானை சரிந்ததற்குக் காரணம் அவள் நின்ற விதம். முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. அவள் போட்ட சத்தத்துக்கு மேல்மாடிக்காரர்கள் ரேடியோவை அதிகமாக வைத்தார்கள். நல்ல மனிதர்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்து சுவிட்சைப் பழையபடி தள்ளி மைக்கைத் திறந்தேன். ஒருத்தரும் பேசவில்லை. பண்டிகை நாள், அவரவர் யோசனை.

தப்பு சொல்லும் நேரத்தில் டீச்சர் வழக்கத்தை விட அதிக நேரம் காத்திருந்தார். "தனகோபால், நீங்க?"

"பாயோட பக்கத்த விட்டுட்டனுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் "கேட்டாச்சு" வந்தது. அதுவும் பாயிடமிருந்து மட்டும்.

ஜனவரி 17, புதன்

இரண்டு. எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 18, வியாழன்

கம்பெனியில் ஒரு ஆபரேட்டரைக் கிழித்துவிட்டேன். சோதனை பெஞ்சில் பச்சை விளக்கு எரிந்தது என்று பம்பைத் தேர்ச்சி போட்டு அனுப்பியிருக்கிறான். உள்ளே சீல் ஒழுகுகிறது. "லைட்டு எரிஞ்சாப் போதுமாடா? லைட்டு லைட்டுக்கு எரியும். கேஜ வெச்சுப் பாத்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். தலை குனிந்து நின்றான். இந்த ஊரில் எவனுக்கும் எதையும் அளந்து பார்க்கும் புத்தி கிடையாது.

ஜனவரி 21, ஞாயிறு

விழுத்தியது நாலு. என் ஆயுசிலேயே இதுதான் அதிகம். பாய் நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒன்று விழுந்தால் "மாஷா அல்லா, தம்பி!" என்று லைனே அதிரும். பல்லுவும் அப்படித்தான் இருக்கிறான். நான் பேசினால் பதில் வருகிறது, பேசாவிட்டால் இல்லை. பொறாமை.

காலையில் தமயந்தியிடம் ஒரு சின்ன விஷயம். அவள் போன் ஒன்றரை வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது, அவளுக்கு எதற்கு? தாராபுரத்தில் அவள் அண்ணனிடம் பேச வேண்டுமாம். காலில் புண் ஆறவில்லையாம், அண்ணி ஏதோ மருந்து சொல்வாளாம். சண்டை தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போதா இதைப் பேசுவது? சுவிட்சைத் தள்ளிவிட்டுத்தான் எழுந்தேன். ஒரு அறைதான். உதடு கிழிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். "பல்லு ஆடுதுங்" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நடுச் சண்டையில் பல்லு பயலுக்குத் திடீரென்று வைத்தியப் பைத்தியம் பிடித்துவிட்டது. "பொதுவா ஒண்ணு சொல்றனுங்க. ஆடற பல்லப் புடுங்கக் கூடாது. நாக்க வெச்சுத் தள்ளக் கூடாது. கஞ்சி மாதிரி மெதுவா குடிக்கோணும். ரெண்டு வாரத்துல அதுவா நின்னுக்கும்." என்னிடம் எதற்குச் சொல்கிறான் என்று கேட்டேன். "இல்லீங்கண்ணா, சும்மா வாய்ல வந்துச்சு" என்றான்.

டீச்சர் புது உத்தரவு போட்டிருக்கிறார். பறந்து முடித்ததும் யாரும் லைனைத் துண்டிக்கக் கூடாது. அவர் எப்போதும் எங்கள் சண்டைகளைப் பேச்சோடு சேர்த்துப் பதிவு செய்து வைப்பார், தப்புகளைத் திருப்பிப் பார்க்க. அந்தப் பதிவு இணையத்தில் ஏற அரை மணி நேரம் ஆகிறதாம். "நீங்க பாட்டுக்குக் குளிக்கப் போங்க. ஹெட்செட்ட மேசையில வச்சிட்டுப் போங்க, கேட்டியளா. அதுவா ஏறிக்கிடும்."

ஜனவரி 24, புதன்

குளித்துவிட்டு வரும்போது தமயந்தி என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் நின்று, மேசையோடு மேசையாகத் தலையை வைத்துக்கொண்டு துடைக்கிறாள். சொல்லாமலே ஒரு வேலை செய்கிறாளே என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 27, சனி

பிடி தயார். முந்நூற்று அறுபது கிராம் அலுமினியம், அடியில் இரும்பு அடிப்பாகம். மொத்தம் முக்கால் கிலோ. கை வழுக்காமல் இருக்க மேலே குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டிருக்கிறேன். பிடித்தால் உள்ளங்கையில் கடிக்கிறது. கன்சோலுக்குக் கடையில் விற்கும் எந்த ஜாய்ஸ்டிக்கும் இதன் பக்கத்தில் நிற்காது. காலடியில் பெடல், இடது கையில் வேகப் பிடி, வலது கையில் இது. விமானம் என் பேச்சைக் கேட்கிறது.

இன்று மூன்று. கடைசி ஆளை வேண்டுமென்றே மெதுவாகச் சுட்டேன். முதலில் ஒரு எஞ்சின், பிறகு வால், பிறகு கண்ணாடிக் கூண்டு. அவன் தன் பாஷையில் என்னவோ கத்தினான்.

"முடிச்சு விடுங்க, தனகோபால்" என்றார் டீச்சர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

தப்பு: இல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

ஹெட்செட்டின் காதுப் பஞ்சில் தேங்காய் எண்ணெய் வாசம். நான் எண்ணெய் தேய்ப்பதில்லை.

"தொட்டியா?" என்றேன்.

"தொடைக்கறப்பத் தள்ளி வெச்சனுங்" என்றாள்.

இனிமேல் தொடாதே என்று சொன்னேன். அவள் "சரிங்" என்றாள். எப்போதும் சொல்வதுதான். ஆனால் இன்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன், டீச்சரின் உத்தரவு.

காலையில் பறக்கத் தொடங்கும் முன் அவள் கேட்ட கேள்வி: "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமப் போட்டி எத்தன மணிக்குங்? எவ்வளவு நேரம் ஆவுமுங்?" ஒன்பது வருஷத்தில் என் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள். எதற்குக் கேட்கிறாய் என்றேன். சும்மா என்றாள். சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை அவள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேல்மாடிக்காரியா என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

கையில் பிடி இருந்தது. அது என் கையில் இருந்ததை நானே மறந்துவிட்டேன்.

நெற்றிக்கு மேலே நாலு தையல். அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். நர்சம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் கூடவே போனேன்.

மூன்று வருஷம் முன்பு மாடிப்படியில் விழுந்தபோதும் இதே ஆஸ்பத்திரிதான். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அதை எழுத வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: "அடுத்த தடவ தையல் போடற மாதிரி இருக்காது. தூக்கிட்டுப் போற மாதிரித்தான் இருக்கும்." கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். கன்சோல் காலையிலிருந்து ஓடிக்கொண்டேதான் கிடந்தது, லைனும் இருந்தது. சுவிட்ச் தள்ளியே இருந்தது, சிவப்பு எரிந்தது, பார்த்தேன்.

பிடியின் கோடுகளுக்குள் அழுக்கு சேர்கிறது. பழைய பல் பிரஷ் போட்டுக் கழுவினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆச்சரியம். பாய் வீட்டுக்கு வந்தார்!

போன வாரம் பேச்சுவாக்கில் விலாசம் கேட்டிருந்தார். குண்டான மனிதர், ஐம்பது வயதுக்கு மேல், மூச்சு வாங்குகிறது. இதயத்தில் ஏதோ ஆபரேஷன் ஆனவராம். வானத்தில் புலி மாதிரி பறக்கிறவர் படியேற இரண்டு தடவை நின்றார். "தம்பி, நீங்க செஞ்ச அந்தப் பிடியப் பாக்கோணும்னு ஆசையா இருந்துச்சு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி வெகுநேரம் கனம் பார்த்தார்.

"கனம் ஜாஸ்தி தம்பி."

"இருந்தாத்தானுங்க பாய் நிக்கும்."

தண்ணீர் கேட்டார். தமயந்தி கொண்டுவந்தாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அவள் நெற்றிக் கட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியாட்கள் முன்னால் நிற்க மாட்டாள். இன்று நின்றாள்.

கிளம்பும்போது வாசல் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். "பெரிய பூட்டாப் போட்டிருக்கீங்களே தம்பி?"

"ஷிப்டுக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போயிருவனுங்க. திருட்டுப் பயம்."

"உள்ள தங்கச்சி இருக்கறப்பவா?"

"அதுக்குத்தானுங்க."

"நீங்க வீட்டுல இருக்கறப்ப?"

"நான் இருக்கறப்பப் பூட்டு எதுக்குங்க? வெறும் தாழ்ப்பாள்தான்" என்று சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

நல்ல மனிதர். இப்படி ஒருவர் பக்கத்தில் பறப்பது பாக்கியம்.

பிப்ரவரி 7, புதன்

பயிற்சியில் டீச்சர் பிடித்துப் பிழிகிறார். ஒரே ஒரு பாடம்: இருக்கையை விட்டு எழாதே. "ஞாயித்துக்கிழம அம்பது நிமிசம். தலையில இடி விழுந்தாலும் எந்திரிக்கப்பிடாது. குக்கரு கூவட்டும், கதவு தட்டட்டும். சுடப்பட்டு வெளிய போனவன்தான் எந்திரிப்பான். தனகோபால், உங்களுக்குத்தான் சொல்லுதேன்."

என்னை மட்டும் ஏன் சொல்கிறார் என்று கேட்டேன். "நீங்கதானே நம்ம சொத்து" என்றார். இதை எழுதும்போதும் முகத்தில் சிரிப்பு வருகிறது.

தமயந்தி அமைதியாக இருக்கிறாள். வீடு வீடாக இருக்கிறது. ஐந்து நாளாகக் கை வைக்கவில்லை. வேண்டியிருக்கவில்லை. பாடம் ஏறிவிட்டது.

பிப்ரவரி 10, சனி

சட்டை துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நாளைக்கு என்ன சமையல் என்றேன். "கொண்டக்கடலக் கொழம்புங்" என்றாள். ஊறப்போட்டிருக்கிறாள்.

நாளை பத்து மணி.

பிப்ரவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாய் லைனில் இல்லை. "பாய்க்குக் கரண்டு போயிட்டாம். மூணு பேராத்தான் போறோம்" என்றார் டீச்சர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு பேருக்கு எதிராக மூன்று பேர். சுடப்பட்டவன் வெளியே, கடைசியில் நிற்கும் கூட்டத்துக்கு வெற்றி. "இன்னைக்கு நீங்கதான் லீடரு, தனகோபால். நானும் பல்லும் உங்களுக்குக் காவல். நீங்க விழப்பிடாது. அது ஒண்ணுதான் கணக்கு."

மேகத்துக்கு மேலே ஏறினோம். கீழே கடல். முதல் ஆளை ஆறாவது நிமிடத்தில் பிடித்தேன். எண்ணெய் டாங்கில் பட்டு, வெடிக்காமல் எரிந்துகொண்டே கடலுக்குள் போனான். எதிரிகள் வெறியானார்கள். மூன்று பேரும் என் மேலேயே பாய்ந்தார்கள். ஒரு ஏவுகணை என்னை நோக்கி வந்தது, பல்லு குறுக்கே பறந்து அதைத் தன் மேல் வாங்கிக்கொண்டான். எனக்காக ஒருவன் செத்தான்!

குக்கர் கூவியது. ஒன்று, இரண்டு, மூன்று. கொண்டைக்கடலைக்கு ஐந்து போதும். ஆறு, ஏழு. தெருவில் ஒரு கார் ஹாரன் ஒரே ஒரு தடவை கேட்டது. எட்டு. "ஏய், அடுப்ப அணை!" என்று கத்தினேன். அணைக்கவில்லை. இறங்கியதும் இருக்கிறது இவளுக்கு என்று நினைத்தேன். பெடலிலிருந்து ஒரு காலை எடுத்தேன்.

"ஆறு மணி! தனகோபால், ஆறு மணிப் பக்கம் ரெண்டு பேரு! கண்ண எடுக்காதீங்க!" டீச்சரின் குரல் உடைந்தது. காலை வைத்தேன், வளைத்தேன், பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. ரேடாரிலும் இல்லை. மறுபடியும் "ஆறு மணி!" மறுபடியும் வளைத்தேன். பதினொன்று, பன்னிரண்டு. அப்புறம் குக்கர் கூவவே இல்லை.

முப்பத்தெட்டாவது நிமிடம் டீச்சர் எனக்கும் எதிரிக்கும் நடுவே நேராக வந்தார். அவர் விமானம் என் மூக்குக்கு முன்னால் சிதறியது. அந்தப் புகைக்குள்ளேயே புகுந்து அவனைச் சுட்டேன். மிச்சம் இரண்டு பேர். ஒருவனை மோதுகிற தூரத்தில் வைத்துக் கூண்டோடு பெயர்த்தேன். கடைசி ஆள் ஓடினான். கடல் வரை விரட்டிப்போய் வாலில் வைத்தேன். குதித்தான். பாராசூட் விரிந்தது. அவனையும் சுட்டேன்.

வெற்றி. திரையில் என் பெயர். ஐம்பது நிமிடம் எழாமல் இருந்திருக்கிறேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "டீச்சர்! பாத்தீங்களா டீச்சர்!" என்று கத்தினேன்.

"பாத்தேன். தப்பு சொல்லுவோம்" என்றார்.

பல்லு முதலில் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான். "பொங்கலன்னைக்குக் காலைல கேட்டனுங்க. அக்கா கத்துனது. நான் சத்தத்தக் கொறச்சு வெச்சுட்டனுங்க. அதுதானுங்க என் தப்பு."

"கேட்டாச்சு" என்றார் டீச்சர். "என் தப்பு, அடுத்தவங்க தப்பச் சொல்லப்பிடாதுன்னு சட்டம் போட்டது. நீங்களே சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் காத்துக் கிடந்தேன். அந்தப் பிள்ளைக்குப் பல்லு ஆடுனப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கழுத்தோரம் ஒயரைப் பார்த்தேன். சுவிட்சைத் தள்ளினேன். சிவப்பு எரிந்தது.

"இப்பமும் கேக்குது, தனகோபால். நீங்க மூச்சு விடுகது கூட கேக்குது. ஒங்க சுவிட்சு ஒரு மாசமா வேல செய்யல்ல."

அப்போது இன்னொருவர் லைனில் நுழைந்தார். பின்னால் வண்டிச் சத்தம். பாய். "என் தப்பு, போன ஞாயித்துக்கிழம வந்தப்பவே கூட்டிட்டுப் போயிருக்கோணும் தம்பி. உங்க கையில அந்தப் பிடியப் பாத்ததும் பயந்துட்டேன். என் வீட்டுக்காரியும் வண்டியிலதான் இருக்கா. பத்திரமாத்தான் போறோம்." அவர் பக்கத்தில் யாரோ இருமினார்கள். ஒன்பது வருஷமாகக் கேட்ட இருமல்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் டீச்சர்.

சுவிட்சை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் துண்டிக்கவில்லை. பிறகு அவள் குரல் கேட்டது. அழவில்லை. பயமும் இல்லை. வீட்டில் பேசுவது போலவே சொன்னாள்.

"ஏனுங், குக்கர எறக்கி வெச்சிருங். தண்ணி வத்தியிருக்கும்."

லைன் அறுந்தது.

வீடு முழுக்கத் தீய்ந்த வாசம். தாழ்ப்பாள் திறந்திருந்தது. படுக்கையறை, குளியலறை, மாடிப்படி எல்லாம் பார்த்தேன். அலமாரியில் அவள் சேலைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. பிடியை எடுத்து அலமாரியை அடித்தேன். கதவு இரண்டாகும்வரை அடித்தேன். பக்கத்தில் ஆள் இருப்பதாகவே நினைத்து அடித்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

உக்கடம் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. பேட்டரிக் கடை வாசலில் பாய் இல்லை, அவர் தெருவே நின்றது. வண்டியைக்கூட நிறுத்தவிடவில்லை. திரும்பி வருவதற்குள் மகளிர் காவல் நிலையத்திலிருந்து போன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. டீச்சர் அனுப்பியிருக்கும் பதிவுகள் இருபத்தாறாம். ஒன்றைப் போட்டுக் காட்டினார். முதலில் விமானச் சத்தம், குண்டுச் சத்தம். பிறகு என் குரல். என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "போதுங்க" என்றேன். அவர் நிறுத்தவில்லை.

பையைத் திறக்கச் சொன்னார். பிடியை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நன்றாகத்தான் கழுவியிருந்தேன். கோடுகளுக்கு நடுவே ஒரு முடி இருந்தது. நீளமான முடி. காகித உறைக்குள் போட்டு என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள்.

நாளை மறுநாள் காலை வக்கீலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். துணிமணியும் எடுத்து வரச் சொன்னார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கம். கன்சோலைப் போட்டேன். குளவிக் கூட்டத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. மற்ற மூவரும் வெளியேறியிருந்தார்கள்.

சுவிட்சைத் தள்ளினேன். சிவப்பு எரிந்தது. அப்படியே கன்சோலில் குரல் பதிவைப் போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டேன். மின்விசிறி கேட்டது. பால்காரன் பாக்கெட்டை வாசலில் போட்டது கேட்டது. சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. அத்தனையும் கேட்டது.

ஆளில்லாத லைனில் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சட்டப்படி சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

"என் தப்பு, லைட்ட நம்புனது. கேஜ் வெச்சுப் பாக்கல" என்றேன்.

ஆறேகால் வரை காத்திருந்தேன். யாரும் கேட்டாச்சு என்று சொல்லவில்லை.